ஹிமேஜி கோட்டை வளாகத்துச் செங்கல் கலைக்கூடத்தை எப்படிக் காண்பது

ஜப்பானின் ஹிமேஜி நகருக்குச் செல்லும் பயணிகளில் பலர் வெள்ளைக் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஒசாகாவுக்கோ ஹிரோஷிமாவுக்கோ சென்றுவிடுகிறார்கள். கோட்டைக்குக் கிழக்கே, அதன் பழைய எல்லைக்குள்ளேயே இருக்கும் ஹிமேஜி நகரக் கலை அருங்காட்சியகத்தை அவர்கள் தவறவிடுவது வருத்தத்துக்குரியது. அரை நாளைக் கூடுதலாக ஒதுக்கினால் கோட்டை, அருங்காட்சியகம் இரண்டையும் நிதானமாகக் காணலாம்.

முதலில் கிழமையைக் கவனியுங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் திங்கள் பொது விடுமுறை நாளாக அமைந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை காட்சிக்கூடங்கள் மூடியிருப்பதும் உண்டு என்பதால், புறப்படும் முன் இணையதளத்தில் நாட்காட்டியைப் பார்ப்பது அவசியம். திறந்திருக்கும் நேரம் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. கடைசி நுழைவு 4.30 மணிக்கு.

ஷின் ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஹிமேஜி சுமார் அரை மணி நேரப் பயணம். ஒசாகா நிலையத்திலிருந்து ‘ஷின்கைசோகு’ என்ற விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும், செலவு வெகுவாகக் குறையும். ஹிமேஜி நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே நேரான அகன்ற சாலையின் முடிவில் கோட்டை தெரியும். பேருந்தும் உண்டு, ஆனால் கால்வலி இல்லாதவர்கள் அந்தச் சாலையில் நடந்தே செல்வது நல்லது, ஏனெனில் ஒவ்வோர் அடிக்கும் கோட்டை பெரிதாகிக்கொண்டே வருவதைக் காண்பதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

கோட்டை 9 மணிக்கே திறந்துவிடுவதால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். இகேதா தெருமாசா 1601 முதல் 1609 வரை கட்டியெழுப்பிய இந்தக் கோட்டை, 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மையக் கோபுரத்துக்குள் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். மரப்படிகள் செங்குத்தானவை, வழுக்கும் தன்மையும் உள்ளவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே ஏறாமல் கீழ் வளாகத்தைச் சுற்றிவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

அருங்காட்சியகத்தை அடைந்ததும் உடனே உள்ளே போய்விடாதீர்கள். முன்புறப் புல்வெளிக்குக் கட்டணம் இல்லை. சிற்பங்களுக்கு நடுவே நின்று பார்த்தால், சிவப்புச் செங்கல் சுவருக்கு மேலே வெள்ளைக் கோட்டை எழுந்து நிற்கும். என் கருத்தில் ஹிமேஜியின் மிக அழகான காட்சி இதுதான். அதோடு, இந்த மண்ணின் வரலாறும் அங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. சாமுராய் ஆட்சி முடிந்த பிறகு கோட்டை நிலம் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. மெய்ஜி காலத்தின் (1868–1912) இறுதியிலிருந்து 1913 வரையில், பத்தாவது படைப்பிரிவு ஆயுதங்களையும் உடைகளையும் சேமித்து வைக்க எழுப்பிய கிடங்குகளே இந்தச் செங்கல் கட்டடங்கள். 1945-இல் வான்தாக்குதலில் நகரின் பெரும்பகுதி எரிந்த பிறகும் இவை நின்றன. 1947 முதல் 1980 வரை இங்கேதான் நகராட்சி அலுவலகம் இயங்கியது. 1983-இல் இது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. போருக்கான பொருள்களைப் பூட்டி வைத்த கிடங்கை ஓவியங்களுக்கான இடமாக மாற்றிய அந்த நகரத்தின் முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் பெரிய பையையும் குடையையும் வைத்துவிட்டுக் கைவீசி நடப்பதே வசதி. குறிப்பெடுக்க விரும்பினால் பென்சில் கொண்டு செல்லுங்கள். பேனா மை ஓவியத்தில் தெறிக்கக்கூடும் என்பதால் ஜப்பானிய அருங்காட்சியகங்களில் பென்சில் மட்டுமே வழக்கம். புகைப்பட அனுமதி கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். சுவரிலுள்ள குறியீட்டைப் பார்த்துவிட்டே கைப்பேசியை எடுங்கள்.

நிரந்தரக் காட்சியில் தவறவிடக் கூடாதது குனிதோமி கெய்ஸோ தொகுப்பு. இந்நகரவாசியான அவர் சேகரித்து நகரத்துக்கு வழங்கிய இத்தொகுப்பில் கோரோ, கூர்பே, மொனே, மத்தீஸ் முதலான நவீன பிரெஞ்சுக் கலைஞர்களின் படைப்புகள் உள்ளன. பால் டெல்வோ போன்ற பெல்ஜிய ஓவியர்களுக்கு இங்கே தனி இடம் இருப்பது பலருக்கு வியப்பளிக்கும். பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரம் 1965 முதல் ஹிமேஜியின் சகோதர நகரம் என்று அறிந்தால் அந்தத் தொடர்பு விளங்கும்.

கோட்டையோடு நேரடி உறவுடையவர் சகாய் ஹோயிட்சு. 1761-இல் பிறந்த இவர், ஹிமேஜியை ஆண்ட சகாய் குடும்பத்து இளைய மகன். எதோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்து, முந்தைய ஓவியர் ஒகாதா கோரினின் ரின்பா என்ற அலங்கார ஓவியப் பாணிக்குப் புத்துயிர் அளித்தவர். இவருடைய ஓவியங்களும் இங்கே சேகரிப்பில் உள்ளன. ஆனால் பட்டிலும் தாளிலும் வரைந்த ஓவியங்கள் ஒளியில் நிறம் மங்கிவிடும் என்பதால் அவற்றைச் சில வாரங்கள் மட்டுமே வெளியில் வைத்து மீண்டும் உள்ளே எடுத்துவிடுவார்கள். ஹோயிட்சுவுக்காகவே செல்பவர்கள் அவை காட்சியில் இருக்கும் நாள்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த அறைகளின் மங்கிய வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை ஓரிரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பிறகுதான் வெள்ளித்தாள் பின்னணியும் புல்லின் மெல்லிய கோடுகளும் தெரியத் தொடங்கும்.

நேரம் மிஞ்சினால், சற்று வடக்கே கென்ஸோ தாங்கே வடிவமைத்த ஹியோகோ மாகாண வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் கண்ணாடிச் சுவரில் கோட்டை பிரதிபலிக்கும்; அதற்கு உள்ளே செல்லவே தேவையில்லை, வெளியே சரியான கோணத்தில் நின்றால் போதும். அங்கிருந்து அகழியோரமாகத் தெற்கே நடந்தால் நிலையத்துக்குச் செல்லும் அதே அகன்ற சாலைக்கு வந்துவிடலாம்.