உதவித்தொகை மனுக்களைச் செயலியிடம் ஒப்படைக்குமுன் செய்ய வேண்டிய சோதனை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகளில் பள்ளித் தேர்வு முடிவுகள் வந்தபின் மனுக்கள் குவிகின்றன. அவற்றைப் படித்து வரிசைப்படுத்தும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுக்கலாமா என்று நிர்வாகிகள் யோசிப்பது இயல்பே. ஆனால் அது யாரிடம் பாரபட்சம் காட்டுகிறது என்று நீங்களே சோதித்துப் பார்க்காமல் கொடுத்தால், மனுப் போட்ட பிள்ளைக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவீர்கள்.

பாரபட்சம் பழைய பதிவுகளிலிருந்து வருகிறது. அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களை மதிப்பிட உருவாக்கிய கருவி, பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பழகியதால், மகளிர் என்ற பொருள்படும் சொல் இருந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. ஆகவே பாலினம், சாதி, மதம் கேட்கும் கட்டங்களை மனுவிலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஊர், பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவை நீக்கியதை வேறு வழியில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் கற்பனையான மாதிரி மனு ஒன்றை எழுதுங்கள். உண்மையான பிள்ளைகளின் பெயரையோ ஆதார் எண்ணையோ சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. பெயர் மீனாட்சி, ஊர் காரைக்குடி, பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 540 மதிப்பெண், ஆண்டு வருமானம் 90,000 ரூபாய், தந்தை ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். இந்த மனுவை ஓர் எழுத்தும் மாற்றாமல் பத்து முறை கொடுத்து, நூற்றுக்கு எத்தனை என்றும், ஏன் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலில் கேட்பது முக்கியம், ஏனெனில் முன்பு சொன்னது அடுத்த விடையைப் பாதிக்கும். ஒரே மனுவுக்கே 78, 82 என்று மதிப்பெண் மாறி வரலாம். அந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. பலர் தவறவிடும் படி இதுதான்.

அடுத்து ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள். மீனாட்சி என்பதை முருகன் என்றும், பிறகு பாத்திமா என்றும், ஸ்டெல்லா என்றும் மாற்றிப் பத்துப் பத்து முறை கொடுங்கள். அதன்பின் பெயரைப் பழையபடி வைத்துவிட்டு, காரைக்குடி என்ற இடத்தில் கல்லல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றையும், பட்டறைத் தொழிலாளி என்ற இடத்தில் கண்டாங்கிச் சேலை நெசவாளியையும் வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் வேறுபாட்டுக்கு எது காரணம் என்று தெரியாமல் போகும். அதே மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுப்பதும் அவசியம், ஏனெனில் இச்செயலிகள் படித்த தமிழ் மிகக் குறைவு. தமிழில் எழுதிய பிள்ளை அதனால் பின்தங்கக் கூடாது.

பேரேட்டுக்குப் பெயர்போன மண் இது. முடிவுகளையும் அப்படியே வரிவரியாகப் பதியுங்கள். சராசரி வேறுபாடு முதலில் கண்ட ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கினால் கவலை குறைவு. பெயரையோ ஊரையோ மாற்றியதும் சராசரி தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தச் செயலியை வரிசைப்படுத்தப் பயன்படுத்தாதீர்கள். மதிப்பெண் சமமாக இருந்தாலும் காரணங்களை வாசியுங்கள்: முருகனுக்குத் தலைமைப் பண்பும் மீனாட்சிக்குப் பணிவும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் சாய்வு அங்கே இருக்கிறது.

சோதனையில் தேறிய செயலியிடமும் சுருக்கம் எழுதுதல், விடுபட்ட சான்றிதழைச் சுட்டுதல் போன்ற வேலைகளை மட்டும் கொடுப்பதே என் பரிந்துரை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடி செய்ததாகத் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டன. யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்கும் கணினி முறைக்கும் அதில் பங்கிருந்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலக நேர்ந்தது. எனவே நிராகரிக்கும் ஒவ்வொரு மனுவையும் குழு உறுப்பினர் ஒருவர் முழுதும் படித்துக் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். செயலியைப் பயன்படுத்துவதை மனுப்படிவத்திலேயே தெரிவித்து, முறையிட யாரை அணுகலாம் என்பதையும் அச்சிடுங்கள். செயலியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே மாதிரி மனுக்களைக் கொண்டு சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.