‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வதைக் குறைக்க ஒரு வழி

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு எடுக்கும்போது பெண்கள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். எது கேட்டாலும் “நல்லா இருக்கேன்” என்று முடித்துக்கொள்கிறவர்களும் வருவார்கள். இது அவர்களுக்காக.

கணவரைப் பிரிந்து வாழும் ஒருவர் அப்படித்தான் வந்தார். பேசத் தொடங்கவே ரொம்ப நாள் ஆனது. கூட வேலை பார்ப்பவர் “டீ சாப்பிடலாமா” என்று கேட்டால், “இவனுக்கு என்ன வேணுமாம்?” என்றுதான் முதலில் தோன்றுமாம். தோழி வாட்ஸப்பில் பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால், “என்னைப் பிடிக்கல”. நெடுநாள் ஒதுங்கியே இருந்த மனசு இன்னொரு அடி படக்கூடாது என்று எல்லோரிடமும் குறை தேடும். தேடினால் கிடைக்காமலா போகும்? அதைச் சாக்காக வைத்து இன்னும் ஒதுங்கும். அன்போடு வருகிறவரும் வாசலோடு திரும்பிவிடுவார்.

முதலில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஊர்க்கதையை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் கதையையும் ஊருக்குச் சொல்வார், அவர் வேண்டாம். அப்படிச் சொல்லாத ஒருவரிடம் சின்னதாக ஒன்று சொல்லுங்கள்: “ரெண்டு நாளா அம்மா நினைப்பாவே இருக்குக்கா.” அவ்வளவு போதும். அது வெளியே போகவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். முதல் நாளே மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ராத்திரி முழுக்க ‘ஏன் சொன்னோம்’ என்று புரளாதீர்கள்.

அப்புறம், உதவி கேளுங்கள். கடைக்குத் துணைக்கு வரச் சொல்லுங்கள், பிள்ளையை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோருக்கும் செய்துவிட்டு எதையும் வாங்கிக்கொள்ளாதவரிடம் எப்படி நெருங்குவது என்று மற்றவர்களுக்கும் தெரியாது.

மகளிர் குழுவில் இருந்தால், தவணையைக் கட்டியதும் எழுந்து வராதீர்கள். பேச்சே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வெளியே போகக் காசு இல்லை என்பீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் கிடையாது.

சரி, அந்த டீ? பகலில், கூட்டமான கடையில் குடிக்கலாம். ஏதாவது ஒன்றுக்கு “வேண்டாம்” சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும். பதில் தாமதமானால் மனசுக்குள் கதை கட்டாமல், “பிஸியா?” என்று கேட்டுவிடுங்கள்.

புருஷன் போனைப் பிடுங்கி, அம்மா வீட்டுக்கும் விடாமல் வைத்திருக்கிறார் என்றால் விஷயமே வேறு. மனரீதியான துன்புறுத்தலும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும். பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.

வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மானஸ், 14416. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரி 2 மணிக்கும் அழைக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது சொல்லச் சுலபம்.