தடுப்பூசி கியூஆர் கோடை நீங்களே பிரித்துப் படிப்பது எப்படி?

கோவிட் நேரத்தில் கலிபோர்னியா, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் கொடுத்த தடுப்பூசிச் சான்றில் உள்ள கியூஆர் கோடு, ஸ்மார்ட் ஹெல்த் கார்டு என்ற பொதுத் தரத்தின்படி அமைந்தது. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், உங்கள் கணினியிலேயே படித்துவிடலாம். கண்ட இணையதளத்திலும் பதிவேற்றாதீர்கள்! இந்தக் கோடில் ரகசியக் குறியாக்கம் எதுவும் கிடையாது, படம் யார் கையில் கிடைத்தாலும் பெயரும் பிறந்த தேதியும் போய்விடும்.

முதலில், எழுத்தை மட்டும் காட்டும் ஸ்கேனர் செயலியால் கோடை ஸ்கேன் செய்யுங்கள். எஸ், எச், சி என்ற மூன்று எழுத்து, முக்காற்புள்ளி, சாய்கோடு, அப்புறம் நீளமாக வெறும் எண்கள் வரும். முன்னால் இருப்பதை வெட்டிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் 45 கூட்டி, வரும் எண்ணை ஆஸ்கி (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பட்டியல்) எழுத்தாக மாற்றுங்கள். தொடக்கம் பெரும்பாலும் 567629 என்றுதான் இருக்கும்: 56, 76, 29 என்பவை 101, 121, 74 ஆகும், அதாவது சின்ன இ, சின்ன ஒய், பெரிய ஜே. இது சரியாக வந்தால் பாதை சரி. ஏன் 45? இங்கே வரக்கூடிய எழுத்துகளில் மிகச் சிறிய எண் கொண்டது இணைப்புக்கோடு, அதன் எண் 45. அதைக் கழித்துவிட்டால் எல்லா எழுத்தும் இரண்டு இலக்கத்தில் அடங்கிவிடும், எண்கள் மட்டும் இருந்தால் கியூஆர் கோடில் இடமும் குறையும். அழகான யோசனை.

இப்போது கிடைத்த எழுத்துத் தொடரைப் புள்ளி உள்ள இடங்களில் வெட்டினால் மூன்று துண்டு. நடுத்துண்டுதான் தகவல். அதை, தரவை எழுத்துகளாக எழுதும் முறையான பேஸ்64-இன் யூஆர்எல் வகையில் பிரியுங்கள் (நீளம் 4-ஆல் வகுபடும் வரை கடைசியில் சமக்குறி சேர்க்க வேண்டும்), பிறகு சுருக்கிய தரவை விரிக்கும் பைத்தான் நூலகமான ஜீலிப் கொண்டு விரியுங்கள். புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் இந்தத் தரவில் ஜீலிப் தலைப்பு இருக்காது, அதனால் சாதாரணமாக விரித்தால் பிழை வரும். ஜீலிப்பின் விரிக்கும் கட்டளைக்கு இரண்டாவது மதிப்பாக -15 கொடுத்தால் விரிந்து ஜேசன் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) வந்துவிடும்.

அதற்குள் பேஷன்ட் பதிவு ஒன்று, ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் இம்யூனைசேஷன் பதிவு. மருந்தின் பெயர் பெரும்பாலும் சிவிஎக்ஸ் எண்ணாகவே (தடுப்பூசி வகைகளுக்கு அமெரிக்காவில் தரும் குறியீட்டு எண்) இருக்கும்: 207 மாடர்னா, 208 ஃபைசர், 212 ஜான்சன். பெயர், தேதி, சிவிஎக்ஸ் எண், லாட் எண் (மருந்து தயாரான தொகுதியின் எண்) நான்கையும் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே அட்டவணையாகப் போடுங்கள், தேதிப்படி அடுக்கினால் அடுத்த ஊசி யாருக்கு என்று உடனே தெரியும்.

அசல் கோடை அழித்துவிடாதீர்கள். சான்று உண்மையானதுதானா என்று சோதிக்கத் தேவையான கையொப்பம் அதன் மூன்றாம் துண்டில்தான் இருக்கிறது, உங்கள் அட்டவணையில் அது வராது.