குடத்துக்கும் வாய்க்கும் நடுவே: வீட்டில் கிருமி பரவாமல் தடுக்கும் வழிகள்

வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதல் வேலையாக பினாயில் ஊற்றித் தரையைத் துடைக்கிறோம். தவழும் குழந்தை இல்லாத வீட்டில் தரையிலிருந்து கிருமி வாய்க்குப் போவது குறைவு. குடத்துக்குள் சொம்பை முக்கும் கை, அடுப்படியில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் கரித்துணி, எல்லோரும் முகம் துடைக்கும் ஒரே துண்டு, ஜன்னல் திறக்காத படுக்கையறை: இவைதான் கிருமி நடமாடும் பாதைகள். வீட்டையே கிருமியில்லாமல் ஆக்க யாராலும் முடியாது. எந்த இடத்தில் மறிக்க வேண்டும் என்று தெரிந்தால், குறைந்த செலவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

குடிதண்ணீர்

மதுரையில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். வைகை அணைத் தண்ணீரைச் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் குழாயில் விடுகிறார்கள். கெடுவது வழியில். பல தெருக்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நிறுத்தியிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசலோ கசிவோ உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கி நிற்கும். தண்ணீர் திறந்ததும் முதலில் வந்து விழுவது அதுதான். ஆகவே முதல் ஐந்து பத்து நிமிடத் தண்ணீரை வாசல் தெளிக்கவும் கழிப்பறைக்கும் செடிக்கும் வைத்துக்கொண்டு, அதன்பிறகு குடிக்கப் பிடியுங்கள். கலங்கலோ வாடையோ அப்போதும் போகவில்லை என்றால் அன்று அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. மாநகராட்சிக்கு உடனே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தெரியும் வாடை தெரு முழுக்க இருக்கும்.

குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை அறவே விடுங்கள். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது ஒருபக்கம். உறிஞ்சும் வேகத்தில் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். தண்ணீர் ஏறாத தெருக்களில் வாசலில் குழி வெட்டிக் குழாயை உள்ளே இறக்கியிருப்பார்கள். மழை பெய்து குழி நிரம்பினால் குழாயின் வாய் அழுக்குத் தண்ணீரில் முங்கிவிடும். குழியைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு சிமெண்ட் விளிம்பு கட்டி மூடி போடுங்கள். ஹோஸைக் குழிக்குள்ளேயே போட்டுவிடாமல், நுனி கீழே படாதபடி சுருட்டி ஆணியில் மாட்டுங்கள்.

போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ தொட்டியில் நிரப்பினால் பிளீச்சிங் பவுடர் சேர்க்க வேண்டும். 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவை வீட்டில் நிறுக்க முடியாது. மளிகைக் கடையில் 25 கிராம் நிறுத்து வாங்கி, காகிதத்தில் பரப்பிப் பத்துச் சம பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் அப்படியே வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கசடைத் தொட்டியில் கொட்டுவதால் பயன் எதுவும் இல்லை, அடியில் சேறுதான் சேரும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, பழைய பவுடர். புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 30 விழுக்காடு குளோரின் இருக்கும். காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் அது பறந்துவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறவில்லை என்றால் அந்தப் பவுடர் வெறும் சுண்ணாம்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வையுங்கள். இன்னொன்று, கலங்கல் தண்ணீர். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, பிறகு குளோரின். பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டை உரைக்கும் பழக்கமும் இந்தத் தெளிய வைக்கும் வேலைக்கே உரியது. தெளிந்து கண்ணாடி போல இருந்தாலும் அந்தத் தண்ணீரில் கிருமி உயிரோடு இருக்கும்.

தொட்டி இல்லாமல் குடக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு குளோரின் மாத்திரை வசதி. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டைக்கு அட்டை மாறும், படித்துப் பார்த்துப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்க வைப்பதென்றால், ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்காதீர்கள். தண்ணீர் முழுக்கப் புரண்டு கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு அணைத்து, அதே பாத்திரத்தில் மூடியோடு ஆறவிடுங்கள். காய்ச்சிய தண்ணீரில் குளோரின் போலக் காவல் எதுவும் நிற்காது. கழுவாத குடத்துக்கு மாற்றினாலோ ஒரு விரல் பட்டாலோ மறுபடியும் கெட்டுவிடும்.

அந்த விரலில்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. சொம்பைப் பிடித்திருக்கும் கையை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கட்டை விரல் விளிம்புக்கு உள்ளே இருக்கும், நான்கு விரல் வெளியே. குடத்தில் முக்கும்போது கட்டை விரல் நகம் வரை தண்ணீரில் நனையும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரின் கட்டை விரலும் நாள் முழுக்க அந்தத் தண்ணீரில்தான். குழாய் வைத்த பானையோ எவர்சில்வர் டிரம்மோ வாங்கிவிட்டால் இந்தப் பாதை ஒரேயடியாக அடைபடும். கோடை தொடங்கியதும் குழாய் பொருத்திய மண்பானைகள் கடைகளுக்கு வந்துவிடும். குடம்தான் வேண்டும் என்றால் சரித்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்புள்ள அகப்பையை அதற்கென்றே வைத்து, உபயோகித்தபின் ஆணியில் தொங்கவிடுங்கள். மண்பானைக்கு சோப்பு ஆகாது, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, கவிழ்த்து வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர்த்து, மீதியை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீர் வாங்கினாலும் கவலை முழுதாகத் தீராது. தோளிலும் வண்டியிலும் படிக்கட்டிலும் உருண்டு வரும் கேனின் கழுத்து, கவிழ்த்ததும் டிஸ்பென்சர் தண்ணீருக்குள் உட்காருகிறது. கவிழ்க்கும் முன் கழுத்தையும் மூடியையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். டிஸ்பென்சரின் குழாயைக் கழற்றி வாரம் ஒருமுறை கழுவவில்லை என்றால் உள்ளே பச்சையாக வழவழப்பு படரும்.

கை

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதில் நமக்கு இருக்கும் அக்கறை, சாப்பிட உட்காரும் முன் இருப்பதில்லை. சாப்பிடும் முன் பலரும் விரல் நுனியை நனைத்து உதறுவதோடு சரி. கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு விரல் நுனியும் நகக்கண்ணும் நேராக வாய்க்குள் போகின்றன. சோப்பு போட்டு 20 நொடி தேய்க்க வேண்டியது சாப்பாட்டுக்கு முன்புதான். உள்ளங்கை தானாகவே சுத்தமாகிவிடும். விட்டுப்போவது கட்டை விரல், விரல் இடுக்கு, நகக்கண், மோதிரத்துக்கு அடி. மறு உள்ளங்கையில் விரல் நுனிகளைச் சுரண்டினாற்போலத் தேய்த்தால் நகத்துக்குள் சோப்பு ஏறும்.

சோப்பு கிருமியைக் கொல்வதைவிட, தோலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. அதனால் சாதாரண குளியல் சோப்பே போதும், கூடுதல் விலைக்குக் கிருமிநாசினி சோப்பு தேவையில்லை. ஆனால் தண்ணீர் ஓட வேண்டும். வாளிக்குள் கையை விட்டு அலசினால் போன கிருமி திரும்ப ஒட்டும். குழாய் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் ஊசியைச் சூடாக்கி நான்கைந்து ஓட்டை போட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், ஒரு கை கழுவக் கால் லிட்டருக்குள் முடிந்துவிடும். சானிடைசர் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், தண்ணீர் இல்லாத இடத்தில் உதவும். ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றுக்கு அது சரிவர வேலை செய்யாது. கழிப்பறை போய்வந்த கைக்கும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கைக்கும் சோப்பும் தண்ணீரும்தான்.

அடுப்படி

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியைக் குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகளில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் வெங்காயத்துக்கும் போகும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், பாத்திரத்தில் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு, கறியை மெதுவாக அதற்குள் விட்டு அலசி, தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். மஞ்சள் தடவினால் கிருமி போய்விடும் என்று நம்ப வேண்டாம், வெந்தால்தான் போகும். வெங்காயம், தக்காளி, மல்லித்தழை எல்லாவற்றையும் நறுக்கி முடித்துவிட்டுக் கடைசியாகக் கறி வெட்டினால், ஒரே அரிவாள்மனையோ கத்தியோ இருக்கிற வீட்டிலும் பாதிக் கவலை தீரும்.

மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் சமைத்த சோறும் குழம்பும் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற நாளில் இரண்டு மணி நேரம். தேங்காய்ச் சட்னிக்கும் முட்டைக்கும் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. சூடுபண்ணித்தானே கொடுத்தேன் என்று சொல்லும் வீடுகளில் வாந்தி வருவது இதனால்தான். மிஞ்சியதை அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆவி போனதும் பிரிட்ஜில் வையுங்கள். பழைய சோறு ஆக்க வேண்டும் என்றால் ஆறிய கையோடு நல்ல தண்ணீர் ஊற்றி மூடுங்கள். புளிப்பு ஏறும் நீரில் கெட்ட கிருமிகள் பெருகுவது குறையும். சாயங்காலம் வரை உலரக் கிடந்த சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது.

கரித்துணியை ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்று துணி வைத்துக்கொண்டு, தினமும் சோப்புப் போட்டு அலசி மாடியில் காயப்போட்டால் போதும். நம் ஊர் வெயிலில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். கறி ரத்தம் துடைத்த துணியை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் நாரும் அப்படித்தான், தண்ணீர் வடியும் இடத்தில் தொங்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்டாவுக்குள் டம்ளரை முக்கி எடுத்துக் கொடுக்காமல், அடியில் குழாய் வைத்த டிரம் பயன்படுத்துங்கள். ஐஸ் கிருமியைக் கொல்வதில்லை, மோருக்குள் கரைந்ததும் அது தண்ணீர்தான். மீனுக்குப் போடுவதற்கென்று வரும் கட்டியை உடைத்துப் போடாதீர்கள். அழகர் மேல் பீய்ச்சும் தண்ணீரும் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும், அதுவும் குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும்.

வீட்டில் நோயாளி இருந்தால்

வாந்தி எடுத்த இடத்தை விளக்குமாறு கொண்டு கூட்டாதீர்கள், துளி பறக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறையோ பாலித்தீன் பையோ கையில் மாட்டி, பழைய செய்தித்தாளை மேலே போட்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுத்துக் கட்டிப் போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 17 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கதவுப் பிடி, சுவிட்ச், குழாய்த் திருகுக்கு லிட்டருக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். கரைசலை அன்றன்று கலக்குங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு, சின்னக் கழிப்பறைக்குள் நுரையீரலையே புண்ணாக்கும்.

மெட்ராஸ் ஐ பார்வையால் ஒட்டாது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை, ஒருவருக்கு விட்ட சொட்டு மருந்து பாட்டில் இவற்றால்தான் பரவுகிறது. தனித் துண்டு, தனி உறை, தினமும் துவைத்து வெயிலில் போடுங்கள். பாட்டிலைப் பகிர வேண்டாம். தாய்ப்பாலோ வேறெதுவோ கண்ணில் விட வேண்டாம். பார்வை மங்கினாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, விருந்தாளியை நிறுத்தி வைக்கும் நம் வழக்கம் பரவலைக் குறைக்க நல்ல ஏற்பாடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று பள்ளிக்கு அனுப்புவதில்தான் பிசகு. வந்திருப்பது தட்டம்மை அல்ல, சின்னம்மை என்றால், கொப்புளம் எல்லாமே உலர்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். அதைப் பார்த்துப் பள்ளிக்கு அனுப்பும் தேதியை முடிவு செய்யுங்கள். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் அந்த அறைப்பக்கம் விட வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் அரைத்த விழுது பூசினால் சீழ் வைக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இருமும்போது கையால் வாயைப் பொத்தினால் அதே கை அடுத்த நிமிடம் கதவைத் தொடும். முழங்கையின் மடிப்பிலோ துண்டிலோ இருமப் பழக்குங்கள். ஏசி போட்டு மூடிய அறையில் இருமுகிறவரோடு படுப்பதைவிட, எதிரெதிர் ஜன்னல்கள் திறந்த அறையில் மின்விசிறி போட்டுப் படுப்பது எவ்வளவோ மேல். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ச் சோதனை செய்துவிட வேண்டும். தட்டு, டம்ளர், துணியால் காசநோய் பரவாது. காற்றில்தான் பரவும். ஆகவே பாத்திரத்தைத் தனியாக வைத்து ஆளை மூடிய அறைக்குள் அடைப்பது இரண்டு வகையிலும் தவறு. சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மதுரையை அடுத்த தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. சளி கொடுக்கும்போது, காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் ஆள் இல்லாத இடத்தில் நின்று, மூச்சை இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்து டப்பாவில் துப்பி மூட வேண்டும். எச்சில் மட்டும் இருந்தால் திரும்பக் கேட்பார்கள்.