கடற்பஞ்சின் வழியே ஆங்கிலச் சொற்கள்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

காரைக்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த நான், கல்லூரியில் விலங்கியலை ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்த முதல் பருவத்தில், நோட்டின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாக நூற்றுக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்தேன். தேர்வில் அவற்றை ஒரு வாக்கியத்தில் பொருத்த என்னால் முடியவில்லை. துளையுடலிகள் பாடத்தில், கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்காகிய கடற்பஞ்சின் உடலுக்குள் தண்ணீர் போகும் வழியைப் பென்சிலால் வரைந்து பார்த்த பிறகுதான் சொற்கள் மனத்தில் தங்கத் தொடங்கின. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இந்த முறையைப் பின்பற்றலாம்.

கோடு போடாத நோட்டு, பென்சில், சொற்பிறப்பையும் சேர்த்துத் தரும் ஓர் அகராதி ஆகியவை போதும். கைப்பேசிச் செயலிகளில் வரும் சொல் அட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. சொல்லுக்கு ஓர் இடம் இருந்தால்தான் அது நினைவில் நிற்கும், அட்டையில் அந்த இடம் இல்லை. உச்சரிப்பைக் கேட்பதற்கு மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள்.

முதல் படி, படம் வரைவது. பூச்சாடி போன்ற ஓர் உருவம் வரைந்து, பக்கச் சுவர்களில் சிறு துளைகளும், நடுவில் வெற்றிடமும், மேலே ஒரு பெரிய வாயும் வையுங்கள். சிறு துளைக்கு ஆஸ்டியம் என்று பெயர். லத்தீனில் அது வாசலைக் குறிக்கும் சொல். நடு வெற்றிடத்துக்கு ஏட்ரியம் என்று பெயர். பழைய ரோமானிய வீட்டின் நடுவில், மேலே திறந்திருந்த கூடத்துக்கு வழங்கிய பெயரே அது. மேல் வாயாகிய ஆஸ்குலம், ‘சின்ன வாய்’ என்று பொருள்படும். நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: பக்கத்துச் சன்னல்களில் நுழையும் காற்று முற்றத்தின் திறந்த மேற்புறம் வழியாக வெளியேறுவது போல, கடற்பஞ்சில் தண்ணீர் பக்கத்தில் நுழைந்து மேலே வெளியேறுகிறது. இதயத்தின் மேலறைக்கும், பெரிய விடுதிகளின் நடுக்கூடத்துக்கும் இதே ஏட்ரியம்தான் பெயர்.

இரண்டாம் படி, ஒவ்வொரு சொல்லின் உறவுகளையும் படத்தின் ஓரத்தில் எழுதுவது. துளையுடலிகளின் ஆங்கிலப் பெயராகிய போரிஃபெரா என்றால் துளைகளைத் தாங்கியது. துளையைக் குறிக்கும் ‘போர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து போரஸ். மண்பானைத் தண்ணீர் குளிர்வது பானை போரஸாக இருப்பதால். தாங்குதலையும் சுமத்தலையும் குறிக்கும் ஃபெர், வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் நாம் நாள்தோறும் சொல்லும் ட்ரான்ஸ்ஃபரில் இருக்கிறது. ஓரிடத்தில் ஒட்டியே வாழும் தன்மையைச் சொல்லும் செசைல், உட்காருதல் என்ற வேரிலிருந்து வந்தது. செஷனும், தண்ணீரின் அடியில் தங்கும் வண்டலாகிய செடிமென்டும் அதன் உறவுகள். தொண்டிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த காய்ந்த கடற்பஞ்சுத் துண்டு ஒன்றைத் தடவியபோது விரலில் சொரசொரவென்று உறுத்தியவை ஸ்பிக்யூல்கள், அதாவது நுண்முட்கள். அதன் ஈற்றில் உள்ள யூல் சிறுமையைக் காட்டும். கேப்ஸ்யூல் சிறு பெட்டி, கிரான்யூல் சிறு மணி.

சொற்களை வாக்கியத்தில் பொருத்தும் மூன்றாம் படியில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். நீங்களும் இதில் அவசரப்படாதீர்கள். பெயர்ச்சொற்கள் படத்தில் அமர்ந்துவிடும், வினைச்சொற்கள் அமரா. ‘த ஸ்பாஞ்ச் அப்சார்ப்ஸ் வாட்டர்’ என்று நான் எழுதிய வரியைப் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். துணி தண்ணீரை உறிஞ்சினாலும், குழந்தை இளநீரைக் குழலால் உறிஞ்சினாலும் தமிழில் வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் முன்னது அப்சார்ப், பின்னது சக். குளியலறைப் பஞ்சு தண்ணீரை அப்சார்ப் செய்து வைத்துக்கொள்கிறது. உயிருள்ள கடற்பஞ்சோ, கோயனோசைட் என்னும் செல்களின் ஃப்ளஜெல்லம் என்ற சிறு சாட்டைகளை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாவை வடித்து உண்டு, மீதியை வெளியே தள்ளுகிறது. எனவே வினைகள் ட்ரா, ஃபில்டர், எக்ஸ்பெல். லியூகோனியா என்னும் கடற்பஞ்சு, 10 சென்டிமீட்டர் உயரமே இருந்தும், ஒரு நாளில் ஏறக்குறைய 22.5 லிட்டர் தண்ணீரை இவ்வாறு செலுத்துகிறது. 15 லிட்டர் குடத்தில் அது ஒன்றரைக் குடம். இந்த அளவை அறிந்த பிறகு அப்சார்ப் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்த இடர், முன்னிடைச் சொற்கள். ‘துளைகளின் வழியாக’ என்று நாம் பெயருக்குப் பின்னால் சொல்வதை ஆங்கிலம் ‘த்ரூ த போர்ஸ்’ என்று பெயருக்கு முன்னால் சொல்கிறது. பென்சில் முனையைப் படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே, ‘வாட்டர் ஃப்ளோஸ் த்ரூ த போர்ஸ், இன்டு தி ஏட்ரியம், அண்ட் அவுட் த்ரூ தி ஆஸ்குலம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முனை சுவரைக் கடக்கும்போது த்ரூ, வெற்றிடத்துக்குள் நுழையும்போது இன்டு என்று கையும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும். நான் இதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறையாக ஒரு வாரம் செய்தேன்.

நான்காம் படி, படத்தை மூடிவிட்டு ஆறு வாக்கியங்கள் எழுதுவது. எழுத ஒரு செய்தி வேண்டுமென்றால், 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் எச். வி. வில்சன் கடற்பஞ்சை நுண்ணிய பட்டுத்துணியில் பிழிந்து செல்களைப் பிரித்ததையும், அவை மறுபடி ஒன்றுசேர்ந்து புதிய கடற்பஞ்சுகளாக வளர்ந்ததையும் எழுதுங்கள். மறுபடி என்பதைக் காட்டும் ‘ரீ’ முன்னொட்டு இதில் நன்றாகப் பழகிவிடும்.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த தேவகோட்டை வாசகர் ஒருவர், கோயனோசைட்டைச் ‘சோ’ என்று தொடங்கிப் படித்ததாக எழுதியிருந்தார். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் சி, எச் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் ககர ஒலியே தரும். கெமிஸ்ட்ரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் பன்மைக்கு எஸ் சேர்த்து ‘ஆஸ்டியம்ஸ்’ என்று எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறார். ஆஸ்டியம் பன்மையில் ஆஸ்டியா, ஆஸ்குலம் ஆஸ்குலா, ஃப்ளஜெல்லம் ஃப்ளஜெல்லா. நாம் ஒருமைபோல வழங்கும் பாக்டீரியாவும் உண்மையில் பாக்டீரியம் என்பதன் பன்மையே. படத்தில் துளைகள் பல இருப்பதால் அவற்றின் அருகே ஆஸ்டியா என்றும், மேல் வாய் ஒன்றே இருப்பதால் அங்கே ஆஸ்குலம் என்றும் எழுதிவிடுங்கள்.