பக்கக் கன்றிலிருந்து யூக்கா வளர்ப்பது எப்படி?

விறைப்பான நீள இலைகள், அவற்றின் ஓரத்தில் சுருள் சுருளாகப் பிரிந்து நிற்கும் வெள்ளை நார். இதை வைத்தே யூக்கா ஃபிலமென்டோசா என்ற யூக்கா வகையை அடையாளம் கண்டுவிடலாம். அமெரிக்காவின் தென்கிழக்கில் மணற்பாங்கான நிலங்களில் தானாக வளரும் செடி. பனியில் மூடிக் கிடந்தாலும் இலை பச்சையாகவே இருக்கும். வெயிலும் குளிரும் ஒன்றும் செய்யாது. வேரில் தேங்கும் தண்ணீர்தான் இதன் எமன்.

1. இடம்
ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். இலை நுனி கூர்மையாகக் குத்தும் என்பதால் நடைபாதையிலிருந்து மூன்றடி தள்ளியே வையுங்கள். பிறகு மனம் மாறித் தோண்டி எடுத்தாலும், மண்ணில் தங்கிய வேர்த்துண்டு மறுபடி துளிர்க்கும். எனவே இடத்தை முதலிலேயே யோசித்து முடிவு செய்யுங்கள்.

2. மண்
மணல் மண் என்றால் கவலையில்லை. களிமண்ணில் குழி தோண்டி அதற்குள் மட்டும் மணல் போடுவது வீண் வேலை. சுற்றியுள்ள களி தண்ணீரை வெளியே விடாது. சரளையும் பருமணலும் கலந்து ஓரடி மேடு கட்டி, அதில் நடுங்கள்.

3. கன்று பிரித்தல்
குளிர் விலகும் சமயம் சரியானது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். தாய்ச்செடியின் ஓரத்து மண்ணை விலக்கினால், கன்று அதோடு ஒட்டியிருக்கும் தடித்த பகுதி தெரியும். வாழைக்கன்று பிரிப்பது போலத்தான்: கொஞ்சம் வேரோடு கன்று வரும்படி கூரான கத்தியால் வெட்டுங்கள். உடனே நட்டுவிடாதீர்கள். வெட்டுவாய் காயும் வரை இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். ஈரமாக நட்டால் அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும்.

4. நடவு
இலைகள் கிளம்பும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் போகக் கூடாது. மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றாலும் நல்லதுதான். நட்டதும் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். அப்புறம் விரலால் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வேர் பிடித்த பிறகு மழையே போதும். உரம் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

5. பூ
இதற்குச் சில வருடப் பொறுமை வேண்டும். கோடைத் தொடக்கத்தில் ஆளுயரத் தண்டு கிளம்பி, வெள்ளை மணிப்பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இரவில் யூக்கா அந்துப்பூச்சி மகரந்தத்தை உருட்டி எடுத்து வந்து சூல்முடியில் வைக்கும். சூலகத்திலேயே முட்டையும் இடும். புழுக்கள் விதைகளில் சிலவற்றைத் தின்னும், மீதி செடிக்கு. அந்தப் பூச்சி இல்லாத ஊர்களில் பெரும்பாலும் காய் பிடிக்காது. அது நோயல்ல, மருந்தடிக்கப் போகாதீர்கள்.

பூத்து முடித்த இலைக்கொத்து மெல்லக் காய்ந்துவிடும். பக்கத்துக் கன்றுகள் அந்த இடத்தை நிரப்பும். பூ உதிர்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிட்டு, காய்ந்த இலைகளைக் கீழ்நோக்கி இழுத்து எடுங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அவை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.