வெயில்ல ஊர் சுத்தப் போறப்போ டிரஸ் விஷயத்துல பண்ணக்கூடாத தப்புகள்

காலைல எட்டு மணிக்கு ஏசி ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னுதான் இன்னைக்கு என்ன போடலாம்னு எல்லாரும் முடிவு பண்றோம். ஆனா அந்த டிரஸ்ஸோட நிஜமான பரீட்சை மத்தியானம் ரெண்டு மணிக்கு, நிழலே இல்லாத ரோட்டுல, டிக்கெட் க்யூல, முன்னாடியும் பின்னாடியும் ஆளுங்க இடிச்சிக்கிட்டு நிக்கறப்போ தான் வருது. நான் பார்த்தவரைக்கும் பாதி தப்பு இங்கதான், எட்டு மணிக்கு எது நல்லா இருக்குன்னு பாக்குறோமே தவிர ரெண்டு மணிக்கு இது எப்படி இருக்கும்னு யாரும் யோசிக்கறதில்ல.

அதுவும் நகரத்து வெயில் தனி ரகம். கட்டடம், தார் ரோடு, கான்கிரீட் எல்லாம் பகல் பூரா சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு திருப்பி நம்ம மேலயே விடும். லண்டன்ல லூக் ஹோவர்ட்னு ஒருத்தர் 1800களோட ஆரம்பத்துலயே வருஷக்கணக்கா தெர்மாமீட்டர் வச்சு அளந்து, ஊருக்கு வெளிய இருக்கிறத விட நகரத்துக்குள்ள சூடு அதிகம், ராத்திரில இன்னும் அதிகம்னு எழுதி வச்சிருக்கார். காத்து 35 டிகிரி இருக்கிற நாள்ல வெயில் படுற தார் ரோடு 60 டிகிரியத் தாண்டிடும். அதனால வெயில் மேல இருந்து மட்டும் வரல, கீழ இருந்தும் பக்கவாட்டுலயும் வருதுன்னு நெனச்சுத்தான் டிரஸ் பண்ணணும்.

இன்னொன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். வேர்வை வழிஞ்சு சொட்டுனா உடம்பு குளிராது, தோல் மேல இருந்து அது *காயணும்*, காயறப்போதான் சூட்டை எடுத்துட்டுப் போகும். ஒரு லிட்டர் வேர்வை முழுசா காஞ்சா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூடு உடம்ப விட்டுப் போகுது, அவ்ளோ பெரிய வேலைய அது பண்ணுது. காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அது காயாது, அதான் புழுக்கமான ஊர்ல 33 டிகிரியே உயிர் போற மாதிரி இருக்கும், வறண்ட ஊர்ல 38 கூட தாங்கிக்கலாம். ஆக நம்ம டிரஸ்ஸுக்கு இருக்கிற வேலை ஒன்னுதான், வேர்வை காய வழி விடணும்.

இப்ப தப்புகளுக்கு வரேன். முதல் தப்பு, கம்மியா போட்டா குளுகுளுன்னு இருக்கும்னு நெனைக்கிறது. நிழல்ல இருந்தா, புழுக்கமா இருந்தா அது சரிதான், தோல்ல காத்து படும். ஆனா நேரடி வெயில்ல வெறும் தோல் அந்த சூட்டை அப்படியே வாங்கிக்கும், யூவி, அதாவது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர், தனியா எரிக்கும், அப்படி எரிஞ்ச தோல் சரியா வேர்க்கவும் வேர்க்காது. முதல் நாள் ஸ்லீவ்லெஸ் போட்டு தோள்பட்டை செவந்து போய், அடுத்த ரெண்டு நாள் பேக் பட்டை தோள்ல பட்டாலே கண்ணுல தண்ணி வர்ற நிலைமைல சுத்துனவங்கள நான் கூடவே இருந்து பார்த்திருக்கேன். முழுக்கை, ஆனா மெலிசா, லூசா, இதுதான் நாள் பூரா வெயில்ல நடக்கறவங்களுக்கு சரி.

அந்த "லூசா" தான் ரொம்ப முக்கியம். 1980ல நேச்சர் இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பாலைவனத்துல இருக்கிற பெதுவின் மக்கள் ஏன் கருப்பு அங்கி போடறாங்கன்னு. கருப்பு துணி வெயிலை அதிகமா வாங்கிக்குது, அது உண்மை, ஆனா அங்கி அவ்ளோ லூசா இருக்கறதால துணிக்கும் தோலுக்கும் நடுவுல காத்து ஓடி அந்த எக்ஸ்ட்ரா சூடு தோலுக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுது, வெள்ளை அங்கி போட்டாலும் கருப்பு அங்கி போட்டாலும் உடம்புக்கு வந்து சேர்ற சூடு ஒன்னுதான்னு கண்டுபிடிச்சாங்க. இத வச்சு கருப்பு பனியன் போட்டுக்கோங்கன்னு நான் சொல்லல, உடம்போட ஒட்டுன கருப்பு டீ-ஷர்ட் சூட்டை நேரா தோலுக்கே கொடுக்கும். கலர விட ஃபிட்டிங் பெருசுன்னு சொல்றேன். நடக்கறப்போ துணி அசையணும், அசைஞ்சா உள்ள காத்து போய் வரும். அக்குள், முதுகு, இடுப்பு மூணு இடத்துலயும் ரெண்டு விரல் தாராளமா போற அளவு இடம் இருக்கா பாருங்க. டைட்டா இருந்தா வேர்க்குரு வேற வரும், வேர்வை துவாரம் அடைச்சுக்கிட்டு அரிப்பு எடுத்துச்சுன்னா மியூசியத்துல நின்னு எதையும் ரசிக்க முடியாது.

வெள்ளை போட்டா போதும்னு நெனைக்கிறதும் இதே மாதிரிதான். வெளிர் கலர் சூட்டை திருப்பி அனுப்பும், ஆனா மெல்லிசான வெள்ளை காட்டன் டீ-ஷர்ட் யூவிய நிறைய உள்ள விடும். துணிக்கு யூபிஎஃப்னு ஒரு அளவு இருக்கு, 50னா அம்பதுல ஒரு பங்கு யூவி மட்டும் தான் உள்ள வரும்னு அர்த்தம், சாதா வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு அது 5லேர்ந்து 7க்குள்ளதான் இருக்கும், வேர்வைல நனைஞ்சா இன்னும் கொறையும். துணிய லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் தெளிவா தெரிஞ்சா வெயிலும் அப்படியே உள்ள வரும். இழை நெருக்கமா ஆனா துணி எடை கம்மியா இருக்கணும், அந்த பேலன்ஸ் தான் வேணும். அப்புறம் சாம்பல் கலர் மட்டும் வேணாம், ஒரு சொட்டு வேர்வை கூட பளிச்னு தெரியும், பிரிண்ட் போட்டதோ வெள்ளையோ நேவி ப்ளூவோ இருந்தா அவ்ளோ தெரியாது.

அடுத்தது காட்டன்னா கண்ண மூடிட்டு வாங்கறது. காட்டன் நல்லதுதான், நானும் அதிகமா போடறது அதுதான். ஆனா காட்டன் தண்ணிய குடிச்சு வச்சுக்கும், சீக்கிரம் விடாது. தடி காட்டன் டீ-ஷர்ட் ஒரு தடவ நனைஞ்சா மூணு மணி நேரம் முதுகுல ஈரத்துணி போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால மெல்லிய நெசவு காட்டன், கிடைச்சா லினன். லினன் காட்டன விட அதிகமா ஈரத்த வாங்கும், சீக்கிரமும் காயும், கொஞ்சம் விறைப்பா இருக்கறதால உடம்போட ஒட்டாது, கசங்கும் அவ்ளோதான், கசங்கட்டும். பாலியஸ்டர் தண்ணிய கிட்டத்தட்ட வாங்கவே வாங்காது, அதனால சாதா பாலியஸ்டர் சட்டைல வேர்வை உள்ளயே நிக்கும். ஆனா ஸ்போர்ட்ஸுக்குன்னு வலை மாதிரி நெய்யுற பாலியஸ்டர் வேர்வைய இழுத்து வெளிய பரப்பி காய விடும், நிறைய நடக்கப் போறீங்கன்னா அது உண்மையிலயே நல்ல சாய்ஸ், என்ன, எண்ணெய்ப் பசைய புடிச்சு வச்சுக்கறதால சாயங்காலம் நாத்தம் சீக்கிரம் வரும், தினமும் அலசிப் போடணும். அத ஃபேப்ரிக் சாஃப்ட்னர்ல ஊற வச்சுடாதீங்க, வேர்வை இழுக்குற தன்மையே போயிடும்.

இதுல பலரும் ஏமாறுற இடம் ஒன்னு இருக்கு, அது லைனிங். வெளிய அருமையான காட்டன், உள்ள முழுக்க பாலியஸ்டர் லைனிங். லேபிள்ல மேல பெருசா காட்டன்னு இருக்கும், கீழ சின்ன எழுத்துல லைனிங் பாலியஸ்டர்னு இருக்கும். நம்ம தோல்ல படுறது அந்த லைனிங் தான். வாங்கறப்போ டிரஸ்ஸ உள்பக்கம் திருப்பிப் பாருங்க, இன்னரும் அதே மாதிரி, மேல என்ன லினன் போட்டாலும் உள்ள பஞ்சு வச்ச தடி இன்னர் இருந்தா ஒன்னும் பிரயோஜனமில்ல.

ஜீன்ஸ் பத்தி நெறைய சொல்ல வேண்டியதில்ல. கனம், காயாது, முட்டி மடக்க விடாது. போட்டோவுக்கு வேணும்னா சாயங்காலம் மாத்திக்கோங்க.

ஆனா தொடை உரசுறதப் பத்தி யாருமே வெளிய பேச மாட்டேங்கறாங்க, அதனாலயே நிறைய பேர் கஷ்டப்படறாங்க. எங்க அக்காவோட ஒரு தடவ போயிருந்தப்போ அவ அழகா ஒரு கவுன் போட்டிருந்தா, மத்தியானத்துக்குள்ள நடையே மாறிப் போச்சு, என்னாச்சுன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறா, கடைசில பாத்ரூம்ல போய்ப் பார்த்தா ரெண்டு தொடையும் உரசித் தோல் உரிஞ்சு செவசெவன்னு இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வரும், ஆம்பளைங்களுக்கும் வரும், வேர்வை காஞ்சு உப்பு படிஞ்சு அது மேல தோல் தோலோட உரசறதால வர்றது. கவுனோ ஸ்கர்ட்டோ போட்டா உள்ள மெலிசா, முட்டிக்கு மேல வரைக்கும் வர்ற சைக்கிளிங் ஷார்ட்ஸ் கண்டிப்பா போட்டுக்கோங்க. கெளம்பறதுக்கு முன்னாடி உரசுற இடத்துல வாசலின் தடவிக்கோங்க, மத்தியானம் ஒரு தடவ துடைச்சுட்டு திரும்பத் தடவுங்க. உரச ஆரம்பிச்ச அப்புறம் பவுடர் கொட்டாதீங்க, வேர்வையோட சேர்ந்து கட்டி கட்டியா ஆகி இன்னும் உரசும். லூசான மெல்லிய பேன்ட் போட்டா இந்தப் பிரச்சினை பாதி வராது.

இப்ப செருப்பு. என்னைக் கேட்டா ட்ரிப்ப கெடுக்குறதுல இதுக்குத்தான் முதல் இடம். புது ஷூவ ட்ரிப் அன்னைக்கு முதல் தடவ போடாதீங்க, குறைஞ்சது ரெண்டு வாரம் வீட்டச் சுத்தியாவது போட்டு நடந்து பழக்குங்க. வெயில்ல நாள் பூரா நடந்தா கால் வீங்கும், அது எல்லாருக்கும் நடக்கறது, அதனால ஷூ வாங்கவே சாயங்காலமா போங்க, கால் ஏற்கனவே கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப சரியா இருக்கிற சைஸ் தான் உங்க சைஸ். ரப்பர் செருப்பு காத்தோட்டம்தான், ஆனா பாதத்துக்கு சப்போர்ட் இல்ல, கூட்டத்துல யாராவது மிதிச்சா அவ்ளோதான், படிக்கட்டுல வழுக்கும், தாரோட சூடு மெல்லிய அடிப்பாகம் வழியா ஏறும். பின்னாடி பட்டை இருக்கிற, அடி கனமான சாண்டல், இல்லன்னா வலை மாதிரி மேல்பாகம் இருக்கிற வாக்கிங் ஷூ, இந்த ரெண்டுல ஒன்னு போதும். ஷூன்னா சாக்ஸ் இல்லாம போடாதீங்க, முழு காட்டன் சாக்ஸும் வேணாம், நனைஞ்சு போய் ஈரத்தோட உரசித்தான் கொப்புளமே வருது, சீக்கிரம் காயுற சாக்ஸ் ஒன்னு போட்டுக்கிட்டு இன்னொரு ஜோடி பேக்ல வச்சு மத்தியானம் மாத்துங்க. அந்த நிமிஷம் கிடைக்குற சுகம் போட்டுப் பார்த்தாதான் தெரியும். குதிகால்ல லேசா சூடா எரியுற மாதிரி தோணுச்சுன்னா அப்பவே உக்காந்து பிளாஸ்டர் ஒட்டிடுங்க, இன்னும் ரெண்டு இடம் பார்த்துட்டு ஒட்டிக்கலாம்னு விட்டா கொப்புளமாயிடும்.

தலைக்கு கேப் போட்டா காதும் பின்கழுத்தும் வெளியதான் இருக்கு, சுத்தி வட்டமா, 7.5 சென்டிமீட்டராவது விளிம்பு இருக்கிற தொப்பி எடுங்க. கூலிங் கிளாஸ்ல யூவி 400னு இருக்கான்னு பாருங்க, வெறும் கருப்பு கண்ணாடின்னா கண்மணி விரிஞ்சு யூவி இன்னும் அதிகமா உள்ள போக வழியாயிடும். சன்ஸ்கிரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பத் தடவணும், காது நுனியும் கால் மேல்பக்கமும் எல்லாரும் மறக்கற இடம். சென்ட் அடிச்சா துணில அடிங்க, பெர்காமாட்ங்கற எலுமிச்சை வகைப் பழத்தோட எண்ணெய் மாதிரி சில எண்ணெய் கலந்தது தோல்ல பட்டு வெயிலும் பட்டா கருப்பா தழும்பு விழும்.

வெளிய வேகுது, உள்ள ஏசி நடுங்க வைக்குது, இதுவும் யோசிக்க வேண்டியது. நனைஞ்ச சட்டையோட மியூசியத்துக்குள்ள போனா பத்து நிமிஷத்துல உடம்பு சில்லிட்டுப் போகும். ஒரு மெல்லிய ஸ்டோல் பேக்ல இருந்தா இதுக்கும் ஆச்சு, தோளும் முட்டியும் மூடியிருந்தாதான் விடுவோம்னு சொல்ற வழிபாட்டு இடங்களுக்கும் ஆச்சு, வறண்ட வெயில்ல நனைச்சு கழுத்துல போட்டா நல்லா குளிரவும் வைக்கும். பேக்கும் டிரஸ்ல சேர்ந்ததுதான், முதுகோட ஒட்டுன பெரிய பேக் முதுகு பூரா வேர்வைய அடைச்சு வச்சிடும், கூட்டத்துல பின்னாடி யாரு ஜிப்ப திறக்கறாங்கன்னும் தெரியாது. குறுக்கால போட்டு முன்பக்கம் வர்ற சின்ன பேக் போதும்.

கொழந்தைங்கள தள்ளுவண்டில கூட்டிட்டு வர்றவங்க நிழலுக்காக மேல துணி போட்டு மூடறாங்க, தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, உள்ள காத்து ஓடாம சூடு ஏறிக்கிட்டே போகும், மெல்லிய துணியா இருந்தாலும் சரி. வண்டிக்குன்னு வர்ற குடை மாட்டுங்க. வயசானவங்களுக்கு வேர்க்கறதும் கம்மி, தாகம் எடுக்கறதும் கம்மி, அவங்க எனக்கு ஒன்னுமில்லன்னு சொல்லிக்கிட்டேதான் வருவாங்க, நாமதான் அடிக்கடி நிழல்ல உக்கார வைக்கணும், கழுத்து பட்டன், பெல்ட் எல்லாம் லூஸ் பண்ணி விடணும்.

கூட வர்ற யாருக்காவது தலைசுத்து, தலைவலி, குமட்டல்னு ஆரம்பிச்சா அது வெயில் தாங்கலைன்னு உடம்பு சொல்றது, போட்டோ எல்லாம் அப்புறம். நிழலுக்கோ ஏசிக்கோ கூட்டிட்டுப் போங்க, ஷூ சாக்ஸ் கழட்டுங்க, டைட்டா இருக்கிறதெல்லாம் தளர்த்துங்க, துணிய நனைச்சு விசிறி விடுங்க, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. பேச்சு குழறுது, ஆளு எங்க இருக்கோம்னே தெரியாம பேசறாங்க, இல்ல மயங்கறாங்கன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, உடனே ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க, அந்த நிலைமைல வாயில தண்ணி ஊத்தாதீங்க, வண்டி வர்ற வரைக்கும் உடம்பு மேல தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க.